கோழிக்கூட்டுக்கு வந்தது யார்? கீரி, மரநாய், பெருச்சாளி, பருந்திடமிருந்து நாட்டுக்கோழியைக் காப்பது எப்படி

காலையில் கூட்டைத் திறந்ததும் ஒரு கோழி செத்துக் கிடக்கிறது, அல்லது எண்ணிப் பார்த்தால் இரண்டு குறைகிறது என்றால் உடனே துடைப்பத்தைக் கையில் எடுக்காதீர்கள். கூட்டிப் பெருக்கினால் வந்தது யார் என்ற தடயமும் குப்பையோடு போய்விடும். "கீரிதான், வேறென்ன" என்று முடிவுகட்டி ஆளுயர வேலி போடுகிறவர்கள் அதிகம். வந்ததோ கூரை ஓடுகளைத் தள்ளிக்கொண்டு மேலிருந்து இறங்கிய மரநாயாக இருக்கும், இல்லையென்றால் தரைக்கடியில் வளை தோண்டி ஏறிய பெருச்சாளியாக இருக்கும். வேலிக்குப் போட்ட காசு வீண், அடுத்த வாரம் இன்னொரு கோழியும் போகும். ருசி கண்டது திரும்பி வராமல் இருக்காது. பெரும்பாலும் ஓரிரு நாளுக்குள், அதே வழியாகத்தான் வரும். அந்த வழியைக் கண்டுபிடித்து அடைப்பதுதான் முதல் வேலை.

தடயம் பார்ப்பது

முதலில் நேரம். கீரி பகலில் திரியும் விலங்கு. காலை வெயில் ஏறும் முன்பும் சாயங்காலமும் வேலியோரம், புதரோரம் வந்து மேய்கிற கோழியைப் பிடிக்கும். நடுராத்திரி கூட்டுக்குள் நடந்த சாவுக்குக் கீரியைக் குற்றம் சொல்வது பெரும்பாலும் தப்பு. ராத்திரிக் கணக்கில் மரநாய், புனுகுப்பூனை, காட்டுப்பூனை, நரி, பெருச்சாளி, தெருநாய் என்று பட்டியல் நீளம்.

அடுத்து, செத்த கோழியின் நிலை. ஐந்தாறு கோழிகளைக் கடித்துக் குதறி, தின்னாமல் அங்கங்கே போட்டிருந்தால் அது நாய். இறகு கொத்துக்கொத்தாகச் சிதறிக் கிடக்கும், கடி முதுகிலும் பின்பக்கத்திலும் இருக்கும். நரியும் காட்டுப்பூனையும் முழுக் கோழியைத் தூக்கிக்கொண்டு போகும். வேலியோரத்தில் ஒரு குவியல் இறகு மட்டும் மிஞ்சும். கழுத்திலோ தலையிலோ மட்டும் கடிபட்டு உடம்பு முழுசாகக் கிடந்தால் கீரி அல்லது மரநாய், நேரத்தை வைத்து எது என்று பிரித்துக்கொள்ளலாம். மரநாய் என்றால் கூரைமேலோ மதில்மேலோ பழக்கொட்டை நிறைந்த எச்சம் கிடக்கும். கோழி திருடினாலும் அதன் அன்றாடச் சாப்பாட்டில் பழம்தான் அதிகம்.

தலையில்லாத கோழி வலையை ஒட்டிக் கிடக்கிறது, கூட்டில் ஓட்டை எதுவும் இல்லை என்றால் குழம்ப வேண்டாம். வெளியே நின்ற பூனையோ மரநாயோ அகலக் கண்ணி வலைக்குள் காலை விட்டு, கண்ணில் பட்ட தலையையோ காலையோ இழுத்திருக்கிறது.

பாம்பு வந்துபோனால் பெரும்பாலும் அடையாளமே இருக்காது. முட்டை ஓடுகூட மிஞ்சாமல் காணாமல் போகும். குஞ்சு ஒன்று தலையும் கழுத்தும் எச்சில் படிந்து, இறகு ஒட்டிப்போய்ச் செத்துக் கிடந்தால், பாம்பு விழுங்கப் பார்த்து முடியாமல் கக்கியிருக்கிறது. அடைமுட்டை உடைந்து, மஞ்சள் கரு வைக்கோலில் அப்பியிருந்தால் காகமோ, முட்டை குடிக்கப் பழகிய உங்கள் கோழியோ. பருந்து தூக்கினால் குஞ்சு இருந்த இடமே தெரியாது, தாய்க்கோழியின் கூச்சல் மட்டும்தான் சாட்சி. காயமே இல்லாமல் கோழி சாகிறது, பச்சையாகவோ வெள்ளையாகவோ கழிந்திருக்கிறது என்றால் அது விலங்கு இல்லை, வெள்ளைக்கழிச்சலாக இருக்கலாம். அதற்குக் கால்நடை மருத்துவரிடம்தான் போக வேண்டும். தாழ்ப்பாள் போட்டது போட்டபடி இருக்க, எடையான சேவல்களாகப் பார்த்து நாலு குறைந்தால் வந்தது இரண்டு கால் நரி. பூட்டு வாங்குங்கள்.

சந்தேகம் தீரவில்லையா? சாயங்காலம் கூட்டைச் சுற்றி மூன்றடி அகலத்துக்குச் சலித்த மணலோ அடுப்புச் சாம்பலோ தூவி, காலையில் கோழியைத் திறந்துவிடும் முன் பாருங்கள். நான்கு விரல் பதிந்து நகம் தெரியாமல் வட்டமாக இருந்தால் பூனை இனம். நான்கு விரலும் நகக்குறியும் இருந்தால் நாய் அல்லது நரி. ஐந்து விரல் பதிந்தால் கீரி அல்லது மரநாய். நடுவில் வால் இழுத்த கோடும் இரு பக்கமும் நகக்குறியும் இருந்தால் உடும்பு, அதற்குக் குறி பெரும்பாலும் முட்டை. நெளிந்த ஒற்றைக் கோடு என்றால் சொல்ல வேண்டியதில்லை.

ராத்திரிக் கூடு

கையில் இருக்கும் பணம் குறைவு என்றால் அதை முழுவதும் ராத்திரிக் கூட்டின் கீழ் இரண்டடியிலும் தரையிலும் போடுங்கள். தோட்டம் முழுக்க வேலி போடுவதெல்லாம் அப்புறம்.

20 பெரிய கோழிக்கு 6 அடிக்கு 4 அடி கூடு போதும். தலைக்கு ஓர் அடிக்குச் சற்று மேல் சதுர இடம் வரும். அடியில் செங்கல் வைத்து ஓரடி மேடை கட்டி, மேலே 3 அங்குலம் ஜல்லிக் காங்கிரீட் போட்டுவிட்டால் பெருச்சாளித் தொல்லை பாதி தீர்ந்தது. மண் தரைதான் என்றால் தரையில் அரை அங்குலக் கண்ணி வெல்டு மெஷ் (கம்பிகளைப் பற்றவைத்துச் செய்த சதுரக் கண்ணி வலை) விரித்து, அதன்மேல் 4 அங்குலம் மண் போட்டு மிதிக்க வேண்டும். மெஷ் ஓரங்களைச் சுவரோடு சேர்த்து ஆணியடிக்காமல் விட்டால் பெருச்சாளி அந்த ஓரத்தைத்தான் கண்டுபிடிக்கும்.

வலை விஷயத்தில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். கடையில் "கோழி வலை" என்று கொடுக்கும் அறுகோணக் கண்ணி வலை கோழியை உள்ளே வைத்திருக்கத்தான் ஆகும், வெளியிலிருந்து வருவதைத் தடுக்காது. மெல்லிய கம்பியை முறுக்கிச் செய்தது அது. நாய் இரண்டு முறை மோதினால் கிழியும். நைலான் வலையையும் பச்சை நிழல்வலையையும் பெருச்சாளி ஒரே ராத்திரியில் கடித்துவிடும். கேட்டு வாங்க வேண்டியது ஜிஐ, அதாவது துத்தநாகம் பூசிய வெல்டு மெஷ். கீழ் இரண்டடிக்கு அரை அங்குலக் கண்ணி, 18 அல்லது 20 கேஜ். அதற்கு மேல் ஓர் அங்குலக் கண்ணி, 14 கேஜ் போதும். கேஜ் எண் கூடக்கூடக் கம்பி மெலியும் என்பதைக் கடைக்காரர் சொல்ல மாட்டார். அளவு தெரிய வேண்டுமென்றால் விரலை விட்டுப் பாருங்கள். மூன்று விரல் சேர்த்து நுழையும் சந்தில் கீரி நுழைந்துவிடும். ஆள்காட்டி விரலே நுழையாத கண்ணியில் முட்டை விழுங்கும் அளவுள்ள பாம்பும் நுழையாது.

மெஷ்ஷைத் தூணுக்கு வெளிப்பக்கம் அடிக்க வேண்டும். உள்பக்கம் அடித்தால் வெளியிலிருந்து தள்ளும்போது ஆணி பிடுங்கிக்கொண்டு வரும். மரத் தூண் என்றால் அரையடிக்கு ஒரு யு ஆணி, அதன்மேல் ஒரு ரீப்பர் கட்டை (மெல்லிய மரச் சட்டம்) வைத்து அழுத்தி அடிக்கவும். இரும்பு ஆங்கிள் என்றால் அரையடிக்கு ஒரு கட்டுக்கம்பி முடிச்சு. இரண்டு மெஷ் துண்டு சேரும் இடத்தில் மூன்று அங்குலமாவது ஒன்றன்மேல் ஒன்று ஏறி இருக்கட்டும்.

மேடை கட்ட வசதியில்லாத கூட்டுக்குச் சுற்றிலும் தரையில் மெஷ் பதிக்க வேண்டும். இரண்டடி அகல அரை அங்குல மெஷ்ஷை "ட" வடிவில் மடித்து, அரையடியைச் சுவரோடு சேர்த்துக் கட்டி, மிச்சம் ஒன்றரை அடியை வெளிப்பக்கம் தரையில் படுக்க வைத்து, மேலே மூன்று அங்குலம் மண் போட்டு மிதிக்கவும். தோண்டும் விலங்கு சுவரை ஒட்டித்தான் தோண்டத் தொடங்கும். கம்பி தட்டுப்பட்டால் அங்கேயே சுரண்டிச் சலித்துப் போகும், ஒன்றரை அடி பின்வாங்கித் தோண்ட அதற்குத் தோன்றாது. ஆழமாக நேரே புதைப்பதைவிட இது வேலையும் குறைவு, பலனும் அதிகம். 6 அடிக்கு 4 அடி கூட்டின் சுற்றளவு 20 அடி. அதற்கு மேல் நான்கு மூலைக்கும் ஒன்றரை அடிச் சதுரத் துண்டு நான்கு தனியாக வேண்டும். பலர் மூலையை விட்டுவிடுகிறார்கள், வளையும் மூலையில்தான் வருகிறது.

துரு இன்னொரு எதிரி. எச்சமும் ஈரமும் படும் கீழ் ஓரடிதான் முதலில் அரிக்கும், கடலோர ஊர்களில் இன்னும் சீக்கிரம். ஐப்பசி மழைக்கு முன் வருஷம் ஒருமுறை கீழ்க் கம்பிகளைக் காலால் அழுத்திப் பாருங்கள். பற்று விட்டுப் பொடிந்தால் அந்தத் துண்டை மாற்ற வேண்டியதுதான்.

பயத்தில் நாலு பக்கமும் பலகையோ தகரமோ அடித்து மூடிவிடுவதும் நடக்கிறது. சித்திரை வைகாசியில் அது அடுப்பாகிவிடும். எச்சத்தின் நெடியில் சளிப்பிடித்துக் கோழி சாகும், விலங்கு வரவே தேவையில்லை. மேல் பாதி மெஷ்ஷாகவே இருக்கட்டும்.

உட்காரும் கம்பை மெஷ்ஷை ஒட்டிப் போடாதீர்கள். எல்லாப் பக்கமும் ஓரடி தள்ளி, தரையிலிருந்து இரண்டு மூன்றடி உயரத்தில், கோழி ஒன்றுக்கு 8 அங்குலம் கணக்கில் போடவும். வெளியிலிருந்து காலை விட்டு இழுக்கும் வேலை அதோடு நிற்கும்.

கூரையும் கதவும்

நாட்டு ஓடானாலும் சீமை ஓடானாலும் மரநாய்க்குத் தடையில்லை. மூக்கால் நெம்பி ஓட்டை நகர்த்தி இறங்கும். ஓட்டைப் பிரித்து, கைமரத்தின்மேல் ஓர் அங்குல மெஷ் விரித்து ஆணியடித்து, அதன்மேல் ஓட்டை மறுபடி வேயுங்கள். சிமெண்ட் ஷீட் கூரையில் ஷீட்டின் வளைவுக்கும் சுவருக்கும் நடுவே வரிசையாகச் சந்து இருக்கும். எலியும் பாம்பும் அந்த வழியாகத்தான் வரும். சிமெண்ட் கலவை வைத்து அடைக்கலாம், மெஷ்ஷை வளைத்துத் திணித்தும் அடைக்கலாம். கூரைமேல் சாயும் முருங்கைக் கிளை, தென்னை மட்டை எல்லாவற்றையும் ஆறடி தூரத்துக்கு வெட்டிவிடவும்.

கதவுக்குக் கீழே சந்து அரை அங்குலத்துக்கு மேல் இருக்கக் கூடாது. நாலு அங்குல உயரத்துக்கு ஒரு வாசற்படி வைத்து, கதவு அதன்மேல் வந்து முட்டுவதுபோல் செய்தால் சரி. பலகைக் கதவின் கீழ் மூலையைப் பெருச்சாளி கொறிக்கும், அரையடி உயரத்துக்குத் தகரம் அடிக்கவும். வெறும் கொக்கியை நாய் மூக்கால் தட்டியே திறந்துவிடும். மேலே ஒன்று கீழே ஒன்று என இரண்டு தாழ்ப்பாள் வேண்டும். ஒரே தாழ்ப்பாள் போட்ட கதவின் எதிர் மூலையை இழுத்துப் பாருங்கள், எவ்வளவு வளைகிறது என்று புரியும்.

எத்தனை செலவு செய்தாலும் கதவை மூடும் நேரம் தவறினால் பயனில்லை. வெளிச்சம் மங்கும் நேரத்தில் கோழி தானே வந்து அடையும், அப்போதே எண்ணி மூடிவிட வேண்டும். டிவியில் ஒரு நாடகம் முடியட்டும் என்று இருந்தால் மரநாய் முந்திக்கொள்ளும். காலையில் நன்றாக விடிந்தபின் திறந்தால் போதும்.

மரத்தில் அடையப் பழகிய கோழிகளைக் கூட்டுக்குப் பழக்க, ஒரு வாரம் தீனியும் தண்ணீரும் உள்ளேயே வைத்து வெளியே விடாமல் அடைக்கவும். பிறகு முதல் சில நாள் சாயங்காலம் ஒரு மணி நேரம் மட்டும் திறந்துவிட்டு, தீனியைக் கூட்டுக்குள் போட்டால் திரும்பி வந்துவிடும். எவ்வளவு பழக்கினாலும் மரமேறும் ஓரிரு கோழி இருக்கும். அந்த மரத்தடியில் நாலடி உயரத்தில், இரண்டடி அகலத் தகரத்தைச் சுற்றி அடித்தால் பூனையும் மரநாயும் ஏறாது. பக்கத்து மரத்தின் கிளை தொடாமல் இருந்தால்தான் இது பலிக்கும்.

குஞ்சும் பருந்தும்

பொரித்த நாளிலிருந்து இரண்டு மாதம்தான் ஆபத்தான காலம். கரும்பருந்து உயரே வட்டமடித்து இறங்கும், கண்ணில் படும். வல்லூறு அப்படியில்லை. மரக்கிளையில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்து, தாழப் பறந்து வந்து தூக்கும். ஆகவே வானத்தைப் பார்த்துக்கொண்டு காவல் இருப்பதில் பாதிப் பயன்தான்.

முதல் மூன்று நான்கு வாரம் குஞ்சுகளைத் தாயோடு பஞ்சாரத்திலோ (கவிழ்த்து மூடும் கூடை) மேலே மூடிய அடைப்பிலோ வைக்கவும். பஞ்சாரம் பகலுக்கு மட்டும்தான். மேலே கல்லை வைத்துவிட்டு ராத்திரி வாசலில் விட்டால் நாய் உருட்டிவிடும், அடியில் பெருச்சாளி தோண்டும். இருட்டும் முன் பஞ்சாரத்தோடு கூட்டுக்குள் கொண்டுபோகவும்.

பிறகு வெளியே விடும்போது 10 அடிக்கு 10 அடி இடத்துக்கு மேலே வலை கட்டினால் போதும். ஓர் அங்குலக் கண்ணியுள்ள பழைய மீன்வலை பருந்தையும் காகத்தையும் சேர்த்தே தடுக்கும். வலை தொய்ந்து தொங்கினால் பறவை சிக்கிச் சாகும், நடுவில் ஒரு கம்பு முட்டுக் கொடுத்து இழுத்துக் கட்டவும். வலை இல்லையென்றால் ஏழடி உயரத்தில் ஓரடிக்கு ஒன்றாகத் தங்கூசி நரம்பை (தூண்டிலுக்குக் கட்டும் நைலான் இழை) குறுக்கே கட்டலாம். பெரிய பருந்து இறக்கையை விரித்து இறங்கத் தயங்கும். ஆனால் வல்லூறு பக்கவாட்டில் நுழையும் என்பதால் இது பாதித் தீர்வுதான்.

திறந்த வெளியில் மேய்கிற குஞ்சுக்கு ஓடி ஒளிய இடம் வேண்டும். பத்துப் பன்னிரண்டு அடிக்கு ஒன்றாக, இரண்டு செங்கல்லின்மேல் சாய்த்த தென்னோலை, பழைய கயிற்றுக் கட்டில், அடர்ந்த செடி எதுவானாலும் சரி. தாய்க்கோழி எச்சரிக்கைக் குரல் கொடுத்ததும் குஞ்சுகள் அதற்கடியில் போய்விடும். தாயும் முக்கியம். சிறுவிடை என்ற நாட்டுக்கோழி வகை அடை காப்பதிலும் குஞ்சைக் காப்பதிலும் கெட்டி. பருந்தின்மேலேயே பாயும். உடல் கனத்த கலப்பினங்களிடம் இந்தக் குணத்தை அதிகம் எதிர்பார்க்க முடியாது. கின்னிக்கோழி இரண்டு வளர்த்தால் ஊரைக் கூட்டும் அளவுக்குக் கத்தி எச்சரிக்கும், பக்கத்து வீட்டுக்காரர் தாங்குவாரா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிடி தட்டு, மினுமினுக்கும் நாடா, சோளக்காட்டுப் பொம்மை எல்லாம் சில நாளுக்குத்தான் பயம் காட்டும். மூன்று நாளுக்கு ஒருமுறை இடம் மாற்றினால் கொஞ்சம் நீடிக்கும். செத்த காக்கையைக் கட்டித் தொங்கவிடும் வழக்கம் வேண்டாம். அது எந்த நோயில் செத்ததோ தெரியாது, கோழிக்கு அருகில் கொண்டுவருவது வம்பு.

பெருச்சாளியும் பாம்பும்

இவை இரண்டும் ஒரே பிரச்சினை. சிந்திய தீனிக்கு எலி வரும், எலிக்குப் பாம்பு வரும். தீனியை மூடியுள்ள தகர டின்னில் வைத்து, மிச்சத்தைச் சாயங்காலமே அள்ளிவிட வேண்டும். முட்டையைத் தினம் இரண்டு முறை எடுக்கவும். விறகு, ஓட்டுக்குவியல், தேங்காய் மட்டை எல்லாம் கூட்டிலிருந்து பத்தடியாவது தள்ளி இருக்கட்டும்.

வாயில் மண் குவிந்த வளை தெரிந்தால் தண்ணீர் ஊற்றிப் பயனில்லை, இன்னொரு வாசல் இருக்கும். உடைந்த கண்ணாடித் துண்டும் ஜல்லியும் கலந்த சிமெண்டை எல்லா வாசலிலும் திணித்து அடைத்து, அதே ராத்திரி கருவாட்டுத் துண்டு வைத்த கம்பிக்கூண்டுப் பொறியைப் பக்கத்தில் வைக்கவும். எலி மருந்து வேண்டாம். மருந்துக் கட்டியைக் கோழியே கொத்தும், மருந்து தின்று செத்த எலியை நாயும் பூனையும் தின்னும்.

பூண்டுக் கரைசல், பினாயில், சிறியாநங்கைச் செடி என்று பாம்புக்குப் பல வைத்தியம் சொல்வார்கள். எதையும் நம்பிக் கதவைத் திறந்துபோட முடியாது. தரையோரம் நைலான் வலை சுற்றிக் கட்டுவது இன்னும் மோசம். பாம்பு அதில் மாட்டிக்கொண்டு உயிரோடு கிடக்கும், இருட்டில் போய் நீங்கள்தான் மிதிப்பீர்கள். கூட்டுக்குள் பாம்பு இருந்தால் கம்பெடுத்துக் குத்தாமல், கோழியை வெளியே விட்டுத் தள்ளி நின்று, வனத்துறைக்கோ தீயணைப்பு நிலையத்துக்கோ சொல்லுங்கள். மஞ்சள் சாரை என்றால் வழி விட்டாலே போய்விடும், ஆனால் சாரையா நல்லபாம்பா என்று உறுதியாகத் தெரியாதபோது பக்கத்தில் போகாதீர்கள். முட்டை எடுக்கும்போது டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். கடித்துவிட்டால் கட்டுப் போடாமல், கீறாமல், கடிபட்ட இடத்தை அசைக்காமல் 108-ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குப் போகவும்.

செய்யக் கூடாதவை

கீரி, மரநாய், காட்டுப்பூனை, நரி, உடும்பு, பாம்பு, வல்லூறு எல்லாம் 1972-ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. கொல்வது, கண்ணி வைப்பது, பிடித்துக்கொண்டுபோய் வேறெங்கோ விடுவது எல்லாமே குற்றம். சட்டத்தை விட்டுப் பார்த்தாலும் கணக்கு உதைக்கும். ஒரு கீரியைக் கொன்றால் அது தின்றிருக்கும் எலியும் பாம்பும் உங்கள் பங்காகிவிடும். குருணைப் பூச்சிமருந்தைக் கறியில் கலந்து வைத்தால் முதலில் சாவது உங்கள் நாயும் ஊர் மயிலும்தான். வேலியில் வீட்டு மின்சாரம் கொடுப்பது கொலைக்குச் சமம். காலையில் தண்ணீர் பாய்ச்ச வரும் ஆளுக்குக் கம்பியில் மின்சாரம் இருப்பது தெரியாது.

செத்த கோழியையும் குடல் கழிவையும் வேலிக்கு வெளியே எறிவது விருந்துக்கு அழைப்பு. மூன்றடிக் குழியில் போட்டுச் சுண்ணாம்பு தூவி மூடவும். வால்பாறை, நீலகிரி போன்ற மலையோரங்களில் இது கட்டாயம். அங்கே நாயைக் காவலுக்குக் கட்டிப்போட்டால் சிறுத்தை நாயைத் தேடி வரும். கூடு வீட்டுச் சுவரை ஒட்டியே இருக்கட்டும். சமவெளியில் கூட்டருகே ஒரு நாய் இருந்தால் நரியும் காட்டுப்பூனையும் தயங்கும். ஆனால் அது கோழியோடு குட்டியிலிருந்தே வளர்ந்த நாயாக இருக்க வேண்டும்.

கடிபட்டுப் பிழைத்த கோழியைத் தனியாக, இருட்டான கூடையில் வைத்து, காயத்தை உப்புத் தண்ணீரில் கழுவி, மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துப் பூசவும். காயத்தை மற்ற கோழிகள் பார்த்தால் கொத்தியே கொன்றுவிடும். ஈ மொய்த்தால் அடுத்த நாளே புழு வைக்கும், இறகை விலக்கித் தினமும் பாருங்கள். பல் இறங்கிய காயம் வெளியே சின்னதாகவும் உள்ளே ஆழமாகவும் இருக்கும், அதற்கு மருத்துவர் ஊசி தேவைப்படலாம். கோழியை விடுவிக்கப் போய் நாயோ பூனையோ கீரியோ உங்களைக் கடித்தால், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே வெறிநோய்த் தடுப்பூசிக்குப் போய்விடுங்கள்.